அண்டம் விரிவதைச் சொன்னது யார்?

மாணிக்கவாசகரின் திருவண்டப் பகுதியைக் காட்டி, அண்டம் விரிகிறது என்பதை ஆயிரம் ஆண்டுக்கு முன்பே நாம் கண்டுபிடித்துவிட்டோம் என்று முழங்குவது கிள்ளான் பள்ளத்தாக்கு மேடைகளில் வாடிக்கையாகிவிட்டது. பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் கைதட்டல் வாங்கிய பேச்சு, மறுநாள் காலைக்குள் புலனத்தில் கிள்ளான்வரை போய்விடும். அண்டத்தின் பிரமாண்டத்தைப் பாடியதில் மணிவாசகருக்கு நிகர் இல்லை. ஆனால் பாடுவது வேறு, கண்டுபிடிப்பது வேறு. ஒரு கருத்து தவறாக இருந்தால் அதை எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது என்று சேர்த்துச் சொன்னால்தான் அது அறிவியலுக்குள் வரும். இந்த உரைகல்லில் உரசினாலும் தமிழ் மண்ணுக்கு அண்டம் பற்றிய ஆய்வில் உண்மையான பங்கு ஒன்று தேறுகிறது. மேடைகளில் அது அடிபடுவதே இல்லை.

தொலைவு கூடக் கூட விண்மீன் மண்டலங்கள் விலகும் வேகமும் கூடுகிறது என்பதை பெல்ஜியப் பாதிரியார் லெமைத்ர் 1927இல் கணக்குப் போட்டுச் சொன்னார். 1929இல் ஹபிள் அளந்து காட்டினார். அப்படியானால் ஆதியில் எல்லாம் நெருங்கி, அடர்ந்து கிடந்திருக்க வேண்டும். பெருவெடிப்புக் கோட்பாட்டின் அடிப்படை இதுதான். ஆனால் ஹபிளின் அளவைப்படி அண்டத்துக்கு வயது ஏறக்குறைய 200 கோடி ஆண்டுதான். பூமியோ அதைவிட மூத்தது. தாயைவிடப் பிள்ளைக்கு வயது அதிகம்! இந்த இக்கட்டில் 1948இல் ஹாய்ல், போண்டி, கோல்ட் மூவரும் மாறா நிலைக் கோட்பாட்டை வைத்தார்கள். அண்டத்துக்குத் தொடக்கமே இல்லை. அது விரிய விரியப் புதுப் பொருள் தோன்றிக்கொண்டே இருப்பதால் என்றைக்கும் ஒரே மாதிரிதான் தெரியும் என்றார்கள். அண்டத்தின் இளமைக் காலம் வேறு மாதிரி இருந்தது என்று தெரிந்தால் கோட்பாடு விழுந்துவிடும். அந்த அளவுக்கு அது நேர்மையான கோட்பாடு.

நீலகிரி இந்த இடத்தில்தான் வருகிறது. உதகமண்டலத்துக்கு அருகே முத்தோரையில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்காக கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் எழுப்பிய ரேடியோ தொலைநோக்கி 1970இல் இயங்கத் தொடங்கியது. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். உதகை, நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 11 பாகையில் இருக்கிறது. அதே 11 பாகை சரிவுள்ள மலைச்சாரலைத் தேடிப் பிடித்து, தென்வடலாக 24 சட்டங்களை நிறுத்தி எஃகுக் கம்பி இழுத்தார்கள். சரிவின் தயவில் கருவியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்தது. ஒரே அச்சில் திருப்பினால் போதும், ரேடியோ அலை வீசும் ஒரு விண்பொருளை, அதாவது ஒரு ரேடியோ மூலத்தை, ஒன்பது மணி நேரம் பின்தொடரலாம். நிலா அந்த மூலத்தை மறைக்கையில் அலை மங்கும் விதத்தை வைத்து அதன் அகலத்தைக் கணித்தார்கள். இப்படி நூற்றுக்கணக்கில் சேர்ந்த அளவுகளை வைத்து ஸ்வரூப்பும் விஜய் கபாஹியும் 1975இல் முடிவை வெளியிட்டார்கள்: மங்கலான, அதாவது பெரும்பாலும் வெகுதொலைவிலுள்ள மூலங்களின் அகலம் மாறா நிலைக் கணக்குக்கு ஒத்துவரவில்லை. அண்டம் மாறியிருக்கிறது. இத்தனைக்கும், மாறா நிலைக்காக வாதாடிய ஹாய்லின் மாணவர் ஜெயந்த் நார்லிகர் அப்போது அதே நிறுவனத்தில்தான் பேராசிரியர். நம்மவர் கோட்பாடாயிற்றே என்று யாரும் அளவைத் திருத்தவில்லை.

1965லேயே பென்சியாஸும் வில்சனும் எல்லாத் திசையிலிருந்தும் வரும் ஆதிக் கதிர்வீச்சைக் கண்டு சொன்னதோடு வழக்கு முடிந்ததே, உதகைக்கு என்ன பெருமை என்று கேட்கலாம். பெரிய அடி அதுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் கதிர்வீச்சுக்கு வேறு விளக்கம் தேட இடமிருந்தது. நார்லிகரும் தேடினார், 2025இல் மறையும்வரை பெருவெடிப்பை அவர் முழுமனதாக ஏற்கவில்லை. முற்றிலும் வேறு வழியில் வந்த சாட்சி என்பதுதான் உதகையின் மதிப்பு.

விஞ்ஞானிகள் நாளைக்கு வேறு சொல்வார்கள், அதை எப்படி நம்புவது என்ற கேள்வியும் வரும். மாற்றிச் சொல்வது உண்மைதான். எந்த அளவுக்கு என்று பார்க்க வேண்டும். ஹபிள் சொன்ன விரிவு வேகம் இன்றைய மதிப்பைப் போல ஏழு மடங்கு. அது திருந்தியதும் அண்டத்தின் வயது 1380 கோடி ஆண்டானது, பூமியின் வயதோடு இருந்த முரண்பாடும் தீர்ந்தது. இன்று அந்த வேகத்தை ஆதிக் கதிர்வீச்சிலிருந்து கணித்தால், ஒரு மெகாபார்செக் தொலைவுக்கு நொடிக்கு 67 கிலோமீட்டர் வருகிறது, அருகிலுள்ள மண்டலங்களை அளந்தால் 73 வருகிறது. எது சரி என்று ஆய்வாளர்கள் மல்லுக்கட்டுகிறார்கள். சண்டை இப்போது நூற்றுக்குப் பத்துக்கும் குறைவான வித்தியாசத்துக்காக நடக்கிறது.