பேரம் பேசிய 800 ரூபாய்

போன மாதம் ஒரு கவுனில் கையால் பூ தைத்தேன். சிரிக்க நினைப்பவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். பிற்பாதியில் கொஞ்சம் கணக்கு வருகிறது.

விடுமுறைக்கு வந்த பேத்தியின் வெள்ளைக் காட்டன் கவுனில், வயிற்றுக்கு நேராக, சாம்பார்க் கறை. எலுமிச்சம்பழம், சோப்பு, வெயில் எல்லாம் பார்த்தாயிற்று. மஞ்சள் போகவில்லை. "அது மேல ஒரு பூ போட்டுடு பாட்டி" என்றாள் குழந்தை. பாட்டிக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. "தாத்தா சும்மாதானே இருக்கார், அவர் போடட்டும்" என்று வீட்டில் தீர்ப்பாகிவிட்டது.

எங்கள் பள்ளியில் தையல் வகுப்பு பெண்பிள்ளைகளுக்கு மட்டும். அந்த நேரத்தில் நாங்கள் மைதானத்தில் இருப்போம். பிறகு 36 வருடம் வங்கி உத்தியோகம். சட்டைப் பித்தான் அறுந்தால்கூட மனைவியிடம்தான் நீட்டுவேன். ஆக, 66 வயதில் ஊசியில் நூல் கோர்ப்பதிலிருந்து தொடங்கினேன்.

ஃபேன்ஸி ஸ்டோரில் ஒரு மர ஃபிரேம், ஊசி, மூன்று நிறத்தில் நூல் வாங்கினேன். ஊசியின் எண் கூடக் கூட ஊசி மெலியும் என்பதே எனக்குப் புதுச் செய்தி. ஒரு நூல்கண்டு 8 மீட்டர். ஆறு இழைகள் சேர்ந்தது. அதில் இரண்டு இழையை மட்டும் பிரித்தெடுத்துத் தைக்க வேண்டும். ஒரு முழத்துக்கு மேல் நூல் எடுத்தால் சிக்கிக்கொள்ளும். "பூ கட்டுறவங்க அளக்கிற முழம்தான், அதுக்கு மேல ஆசைப்படாதீங்க" என்றாள் மனைவி, சாய்வு நாற்காலியில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்தபடி.

பென்சிலால் ஐந்து பூ வரைந்துகொண்டேன். இதழுக்கு லேஸி டெய்ஸி, காம்புக்குக் காம்புத் தையல், நடுவில் ஒரு பிரெஞ்சு முடிச்சு. சொல்வதற்குச் சுலபம். ஊசியில் நூலை இரண்டு சுற்றுச் சுற்றி, இடது கையால் அதை விடாமல் பிடித்துக்கொண்டு, எடுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே குத்தி இறக்க வேண்டும். கொஞ்சம் தளர விட்டால் முடிச்சு துணிக்குப் பின்னால் போய்விடும். எனக்கு ஏழு முறை போயிற்று.

இரண்டு பூவைப் போட்டு முடித்த சந்தோஷத்தில் ஃபிரேமைக் கழற்றிக் கவுனைத் தூக்கினால், அது விரியவில்லை. முன்பக்கத்தோடு முதுகுப் பக்கத்தையும் சேர்த்துத் தைத்திருந்தேன். பேத்தி அன்று சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டிருக்கும். எல்லாவற்றையும் பிரித்து மறுபடி ஆரம்பித்தேன்.

வங்கிப் பழக்கம் விடவில்லை. தினமும் உட்கார்ந்த நேரத்தைக் காலண்டர் தாளின் பின்னால் எழுதிவந்தேன். ஐந்து பூ, எட்டு இலை, ஒரு வளைந்த காம்பு. மொத்தம் 14 மணி நேரம். பிரித்ததற்குப் போன 4 மணி நேரத்தைக் கழித்தாலும் 10. என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற வேலை அது. கழுத்து பிடித்துக்கொண்டது, கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப் போயின.

அந்தக் காலண்டர் தாளைப் பார்த்தபோதுதான் 2011ஆம் வருடம் நினைவுக்கு வந்தது. மகள் கல்யாணம். அரக்கு நிற ஜாக்கெட் துணியில் ஆரி வேலை செய்யக் கொடுத்தோம். மரச் சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் போடும் வேலை. முதுகுப் பக்கம் முழுக்கக் கொடி, இரண்டு கையிலும் மாங்காய். எங்கள் பக்கத்துத் தெரு அம்மா ஒருவர் 2,300 ரூபாய் கேட்டார். "ரெண்டு பேர் ஆறு நாள் உட்காரணும் சார்" என்றும் சொன்னார். அது என் காதில் ஏறவே இல்லை. துணி நம்முடையது, நூலும் மணியும் 300 ரூபாய்க்கு மேல் போகாது, மீதி எதற்கு என்று வாதாடினேன். 1,500க்கு முடித்தேன். 800 ரூபாய் மிச்சம் பிடித்ததைச் சம்பந்தி வீட்டிலும் பெருமையாகச் சொன்னேன்.

இப்போது அதே கணக்கை நேராகப் போட்டுப் பார்க்கிறேன். 1,500இல் நூல், மணி 300 போக 1,200. இரண்டு பேருக்கு ஆறு நாள் என்றால் 12 ஆள் நாள். நாளுக்கு ஆளுக்கு 100 ரூபாய். அந்த வருடம் நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்திருந்த தினக்கூலி 119 ரூபாய். வருடக்கணக்காகப் பழகிய விரல்களுக்கு, பயிற்சியே தேவைப்படாத வேலையின் கூலியைவிடக் குறைவாகக் கொடுத்திருக்கிறேன். அவர் கேட்ட 2,300ஐயே கொடுத்திருந்தாலும் நாளுக்கு 170 ரூபாய்கூட வந்திருக்காது. மற்றவர்களுக்கு வட்டிக் கணக்கு சரிபார்த்துச் சம்பளம் வாங்கிய ஆள் நான்.

என் கருத்து இதுதான்: கைவேலைக்குப் பேரம் பேசுவது, பொருளின் விலையைக் குறைப்பது ஆகாது. அது ஒருவரின் நாளைக் குறைப்பது. வெண்டைக்காயில் பேரம் பேசினால், மீந்த காயை வேறு யாருக்காவது விற்றுக்கொள்ளலாம். உட்கார்ந்து தைத்த நாளைத் திருப்பி விற்க முடியாது.

நடுத்தரக் குடும்பம், கல்யாணச் செலவு, எல்லாவற்றையும் கேட்ட விலைக்கு வாங்க முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி இருக்கிறது. பார்க்க நன்றாகவே இருக்கிறது, விலையும் குறைவு. அதை வாங்குவதில் ஒரு தவறும் இல்லை. மெஷின் விலையைச் சொல்லிக் கைவேலையைக் கேட்பதுதான் தவறு.

நீலகிரியில் தோடர் பெண்கள் வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் போடும் பூத்தையலுக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அவர்கள் துணியில் பென்சில் கோடு வரைவதில்லை. நெசவின் இழைகளை எண்ணி எண்ணியே ஊசியை விடுகிறார்கள். கோடு போட்ட பிறகும் வழி தவறிய எனக்கு, அது எவ்வளவு பெரிய காரியம் என்று இப்போது தெரிகிறது. ஊட்டியில் அந்தச் சால்வையைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் பாதி விலைக்குக் கேட்கிறவர்களில் நானும் ஒருவனாக இருந்திருப்பேன்.

எங்கள் வீட்டில் இப்போது இரண்டு விதிகள். விலை கேட்கும் முன் எத்தனை நாள் ஆகும் என்று கேட்பது. கையில் பணம் குறைவு என்றால் வேலையைக் குறைத்துக்கொள்வது. "கழுத்துக்கு மட்டும் போதும்மா, கையில வேண்டாம்" என்று சொல்லிவிடலாம். கூலியில் கை வைப்பதில்லை.

போன வாரம் அந்த அம்மாவைத் தேடிப் போனேன். அதே தெருதான். கண் முன்போல் இல்லை என்று ஆரி வேலையை விட்டுவிட்டு, சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பதும் ஜிப் மாற்றுவதுமாக இருக்கிறார். கவுனை நீட்டினேன். பூவைப் பார்க்கவில்லை, உடனே உள்பக்கத்தைத் திருப்பினார்.

"முன்னாடி பரவால்ல சார். பின்னாடி நூல் ஒரு பூவிலேர்ந்து இன்னொரு பூவுக்குத் தாவித் தாவிப் போயிருக்கு. பாப்பா போடும்போது விரல் மாட்டி இழுத்துடும்" என்றார். ஒவ்வொன்றாக வெட்டி, நுனியைத் தையலுக்கு அடியில் செருகி, பத்து நிமிடத்தில் சரிசெய்துவிட்டார்.

பையிலிருந்து 800 ரூபாயை எடுத்தேன். எதற்கு என்று சொல்வதற்குள் எனக்கு நாக்கு குழறியது. அவர் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அரக்கு ஜாக்கெட்தானே? அதெல்லாம் அப்பவே பேசி முடிச்சது சார். அந்தக் காசு எனக்கு வேண்டாம். இப்ப செஞ்சதுக்கு முப்பது ரூபா குடுங்க."

ஐம்பது ரூபாய்த் தாளைக் கொடுத்தேன். மீதி இருபதை எண்ணிக் கையில் வைத்தார். வாங்கிக்கொண்டு வந்தேன்.