தமுக்கம் பங்களா: ராணி வீடா, துரை வீடா?

தமுக்கம் என்றதும் நம்ம ஆளுங்களுக்கு ஞாபகம் வருவது பொருட்காட்சி. ராட்டினம், டெல்லி அப்பளம்! பக்கத்தில் நிற்கும் காந்தி மியூசியம் கட்டடம் யாருடையது என்று கேளுங்கள். "அது வெள்ளைக்காரன் பங்களாப்பா" என்று ஒரே போடாகப் போடுவார்கள்.

அதுதான் இல்லை. அது ராணி மங்கம்மாளின் கோடை மாளிகை என்பது மதுரை வழக்கு. 1670-ல் ராணி கட்டியது என்றும் எழுதுகிறார்கள். அப்போது ஆண்டவர் அவர் புருஷன் சொக்கநாத நாயக்கர். பேரனுக்காக மங்கம்மாள் ஆண்டது 1689 முதல்தான். யானைச் சண்டை பார்க்கக் கட்டிய மண்டபம் என்று இன்னொரு பேச்சும் உண்டு.

1736-ல் நாயக்கர் ஆட்சி போச்சு. நவாப் வந்தார். 1801-ல் கும்பெனி வந்தது. பிறகு விக்டோரியா மகாராணி காலத்திலும் அதற்கப்புறமும் கலெக்டர் துரைகள் இங்கே குடியிருந்தார்கள். பட்டா பார்த்தா கைமாறியது? கத்தி யார் கையிலோ, சாவி அவர் கையில்!

ஒன்று கவனியுங்கள். திருமலை நாயக்கர் மகாலில் இன்று மிச்சம் கால்வாசிதான். கோட்டைச் சுவரை 1840-களில் பிளாக்பர்ன் கலெக்டர் இடித்துத் தள்ளினார். அந்த இடம்தான் இன்றைய வெளி வீதிகள். தமுக்கம் மட்டும் எப்படித் தப்பியது? துரைகளுக்கு மங்கம்மாள் மேல் பாசமா? ஒரு மண்ணும் கிடையாது. ஆள் குடியிருந்த வீடு. கூரை ஒழுகினால் துரைசாணி சும்மா விடுவாளா?

1955-ல் சர்க்கார் இதை 13 ஏக்கரோடு காந்தி நினைவகத்துக்குக் கொடுத்தது. 1959 ஏப்ரல் 15-ல் நேரு திறந்து வைத்தார். காந்தி சுடப்பட்டபோது கட்டியிருந்த ரத்தக்கறை வேட்டி இங்கேதான் இருக்கிறது. ஊரே பார்க்க வேண்டிய பொருள். ஆனால் வீட்டில் குடியிருக்க ஆள் இல்லை.

பழுது பார்ப்பது என்பது ஒரு தடவை வெள்ளையடித்து போட்டோ பிடிக்கிற சமாச்சாரம் அல்ல. வருஷா வருஷம், மழைக்கு முன்னாலேயே செய்ய வேண்டும். அதுவும் சுண்ணாம்புச் சுவரில் சிமெண்டை அப்பினால் ஈரம் உள்ளேயே நின்று சுவரை அரிக்கும். விஷயம் தெரிந்த கொத்தனார் கையில்தான் கொடுக்க வேண்டும்.

கலெக்டர் இருந்த காலத்தில் ஒரு சொட்டு ஒழுகினாலும் மராமத்து ஆட்கள் ஓடி வந்திருப்பார்கள். இப்போது யார் போய்ச் சொல்வது? தமுக்கம் ஸ்டாப்பில் பஸ்ஸுக்கு நிற்கும்போது உள்ளே ஒரு எட்டு போய் வாருங்கள். வேட்டியைப் பார்த்துவிட்டு, அப்படியே கூரையையும் அண்ணாந்து பாருங்கள்.