பி.காம் முடித்தவருக்கு டெக் கம்பெனியில் என்ன வேலை?

டெக் கம்பெனி என்றால் இன்ஜினியருக்கு மட்டும்தான்! மடவார் வளாகத்திலிருந்து ராஜபாளையத்துக்கு பஸ் ஏறும் பி.காம் மாணவர்கள் பலரின் நினைப்பு இதுதான். தப்பு. அமேசானோ ஜோஹோவோ, பில் சரிபார்க்க, வசூலைப் பதிய, மாதக் கணக்கை முடிக்க ஆள் வேண்டும். ஸ்பின்னிங் மில் அக்கவுண்ட்ஸ் ரூமில் நடக்கும் அதே வேலைதான். டாலி இருந்த இடத்தில் பெரிய மென்பொருள், அவ்வளவே.

ஆனால் ‘ஃபைனான்ஸ் அனலிஸ்ட்’ என்ற பெயரில் மயங்க வேண்டாம். நாள் முழுக்க இன்வாய்ஸையும் பர்ச்சேஸ் ஆர்டரையும் ஒப்பிடுவது மட்டுமே வேலை என்றால், ஆட்டோமேஷன் முதலில் கை வைப்பது அங்கேதான். கணக்கு ஏன் இடிக்குது என்று தேடும் டெஸ்க் பரவாயில்லை; எக்செல், எஸ்கியூஎல் தெரிந்தால் அது எட்டும். இன்டர்வியூவில் சம்பளத்தோடு, எந்த டெஸ்க், எந்த ஷிஃப்ட் என்றும் கேளுங்க. சென்னை வாடகை போக மிச்சம் எவ்வளவு என்பதை ஊரிலேயே கணக்குப் போட்டுப் பார்த்துடுங்க.