விமானமும் தேய்ந்த போல்ட்டும்

ஓசூரில் 2,000 ஏக்கரில், வருஷத்திற்கு 3 கோடிப் பிரயாணிகளுக்கு இடங்கொடுக்கத்தக்க விமான நிலையம் அமைக்கப்படுமென்று முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் 2024-ம் வருஷம் ஜூன் 27-ந் தேதி சட்டசபையில் அறிவித்தது நேயர்களுக்கு நினைவிருக்கும். அதற்கு வெகு காலம் முன்னரே, ஓசூரையடுத்த பெலகொண்டப்பள்ளியில் தனேஜா கம்பெனியின் விமானத்தளம் ஏற்பட்டு, சிறு விமானங்கள் கட்டப்பட்டன; விமானங்களைப் பழுதுபார்க்கும் தொழிலும் அங்கே வேரூன்றியது. ஏக்கர்க் கணக்கைப் பேசுவோர் பலர். இத்தொழிலின் மானம் விரலளவுள்ள போல்ட்டில் அடங்கியிருப்பதைப் பேசுவோர் சிலரே.

இது மிகையன்று என்பதற்கு இங்கிலாந்தில் நடந்த ஒரு விபத்தே சான்று. 1990-ம் வருஷம் ஜூன் 10-ந் தேதி பர்மிங்ஹாமிலிருந்து புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானமொன்றின் முன்கண்ணாடி, 17,000 அடிக்கு மேல் பறக்கையில் பிய்த்துக்கொண்டு போயிற்று. விமானியின் உடல் பாதி வெளியே இழுக்கப்பட்டது; சிப்பந்திகள் கால்களைப் பற்றிக்கொண்டதால் அவர் பிழைத்தார். கண்ணாடியைப் பொருத்தியவர் பழைய போல்ட்டுகளைப் பார்த்து, அவற்றைப் போன்றவற்றைக் கண்மதிப்பாலேயே பொறுக்கினாரென்று விசாரணையில் வெளியாயிற்று. 90-ல் 84 பருமன் குறைந்தவை. எஞ்சிய 6-ம் நீளம் குறைந்தவை. அவர் கெட்ட எண்ணமுடையவரல்லர்; ஆள் குறைவான இரவில் வேலையை முடிக்க முயன்றவர்.

கண்மதிப்பு உதவாதென்பது துளைக்கும் பொருந்தும். தளர்ந்த போல்ட்டு ஒவ்வொரு பறப்பிலும் அசைந்து, வட்டத் துளையை முட்டை வடிவாக்கிவிடுகிறது. அதில் புதுப் போல்ட்டையிட்டு நட்டை இறுக்குவது நோயை மறைப்பதேயன்றித் தீர்ப்பதன்று. துளையைக் கேஜினால் அளந்து, வெடிப்பு உண்டாவென்று எடி கரண்ட் கருவியால் சோதிக்கவேண்டும். விமானத்தைக் கட்டியோரின் ரிப்பேர்ப் புத்தகம் அனுமதித்தால், ரீமரால் துளையைச் சீராக்கி, 1/64 அங்குலம் பருத்த போல்ட்டை இடலாம். அல்லது புஷ் பொருத்தலாம். துளைக்கும் தகட்டின் விளிம்புக்குமுள்ள தூரம் விதித்த அளவினும் குறையுமாயின், கட்டியோரைக் கேளாமல் கைவைக்கலாகாது. இறுக்குவதும் டார்க் ரெஞ்சினால் அளந்தே செய்யத்தக்கது.

இவ்விதிகள் தொழிலறிந்தோருக்குப் புதியனவல்ல. அறிந்தவரை அறிந்தபடி செய்யவிடாத பகை அவசரமே. விமானம் தரையில் நிற்கும் ஒவ்வொரு மணியும் நஷ்டமென்பது மெய். ஆயினும், ஒரு துளையில் சந்தேகங்கொண்டு, 'இன்று பறக்கலாகாது' என்று சொல்லும் தொழிலாளிக்கு அச்சொல்லால் தீங்கு நேருமாயின், மறுமுறை அவர் வாய் திறவார். அந்த மௌனத்திற்கு விலை கொடுப்போர் பிரயாணிகள். ஆதலால், விமானத்தை நிறுத்திவைக்கும் உரிமை தொழிலாளிக்கு உறுதியாதல் வேண்டும். முக்கியமான மூட்டுகளைச் சம்பந்தமற்ற மற்றொருவர் மீண்டும் அளந்து கையெழுத்திடவேண்டும்.

லாரியும் கடிகாரமும் செய்து பெயரெடுத்த ஊர் ஓசூர். நுட்பமான அளவு அவ்வூருக்கு அந்நியமன்று. சர்க்கார் நிலம் தேடுவதில் காட்டும் ஊக்கத்தைக் கிருஷ்ணகிரி ஜில்லா வாலிபர்களுக்கு இத்தொழிலைத் தமிழில் விளங்கக் கற்பிப்பதிலும் காட்டுமாக. அளக்கக் கற்ற கையும், 'கூடாது' என்று சொல்ல அஞ்சாத நாவும் இல்லாவிடில், 2,000 ஏக்கரும் வெறும் மைதானமே.