சூட்டுக்கு நெருப்பு வேண்டாம்

குரங்கணிச் சரிவிலோ போடிமெட்டுக்கு மேலேயோ உள்ள ஏலத் தோட்டக்காரர்களிடம் பேசிப் பாருங்கள். காய்க்கு நிறம் கொடுப்பது விறகுச் சூடுதான் என்பார்கள். கரண்டில் காயவைத்தால் பச்சை நிற்காது, செலவும் கட்டுப்படியாகாது என்பார்கள். அப்பா சொன்னதை மகன் சொல்கிறார். தலைமுறை அனுபவத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் இந்த நம்பிக்கை தவறானது. இதற்காக நாம் கொடுக்கும் விலை, ஏலக்காய் உலர்த்தும் கூடமான ஸ்டோரின் அடுப்புக்குள் போகும் மரங்கள்.

முதலில் நிறத்தைப் பார்ப்போம். பச்சைக்காயில் ஐந்தில் நான்கு பங்கு நீர். அந்த ஈரத்தை 10, 12 சதவீதத்துக்கு இறக்குவதே ஸ்டோரின் வேலை. காயின் பச்சை, செடி தந்த பச்சையம். ஸ்டோரால் அதைக் கூட்ட முடியாது. கெடாமல் காக்க முடியும். அதற்கு 45 முதல் 55 டிகிரிக்குள் சீரான சூடு வேண்டும், ஈரக்காற்று தேங்காமல் வெளியேற வேண்டும். சூடு மிஞ்சினால் காய் பழுப்பாகிறது, வெடிக்கிறது, மணம் தரும் எண்ணெய் பறந்துவிடுகிறது. ஈரம் தேங்கினால் வெளுக்கிறது. விறகின் புகை காயைத் தொடுவதுகூட இல்லை. குழாய்க்குள்ளேயே ஓடி வெளியே போய்விடுகிறது. தொடாத நெருப்பு எப்படி நிறம் கொடுக்கும்? காய் அறிவது அறையின் சூட்டையும் ஈரத்தையும் மட்டுமே. விறகு அடுப்பிலோ, நள்ளிரவில் அடுப்புக்காரர் சற்றுக் கண்ணயர்ந்தாலும் அந்தச் சூடு நிலை தவறுகிறது.

இந்த நம்பிக்கைக்கு வேர் இன்னும் ஆழத்தில் இருக்கிறது: சூடு வேண்டுமென்றால் எதையாவது எரித்தாக வேண்டும் என்ற எண்ணம். கிணற்று மோட்டார் தண்ணீரை உண்டாக்குவதில்லை; கீழே கிடப்பதை மேலே ஏற்றுகிறது. வெப்ப பம்பும் அப்படித்தான். குளிர்ந்த காற்றிலும் நீரிலும் கிடக்கும் வெப்பத்தை எடுத்து, சூடான இடத்துக்கு ஏற்றுகிறது. வீட்டு ஃப்ரிட்ஜின் பின்புறம் கைவைத்தால் படும் சூடு, உள்ளிருந்து இறைத்ததுதான். ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் நகரம் 1980-களிலிருந்தே பால்டிக் கடலின் குளிர்நீரிலிருந்து வெப்பம் இறைத்து, குழாய் வழியே ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு அனுப்பிவருகிறது. பனிநாட்டுக் கடலில் கிடைக்கும் வெப்பம் நம் மலைக்காற்றில் கிடைக்காதா?

ஏலக்காய்க்கு இந்தக் கருவி இன்னும் பொருத்தம். ஸ்டோரில் காயிலிருந்து கிளம்பும் ஈரக்காற்றை நாம் திறந்துவிடுகிறோம். எரித்த விறகின் வெப்பமும் அதோடு போய்விடுகிறது. வெப்ப பம்பு உலர்த்தியோ அதே காற்றைக் குளிர்ந்த சுருள் மேல் ஓட்டுகிறது. நீர் சொட்டி விழுகிறது. அது விட்ட வெப்பம் மறுசுருள் வழியாக அதே காற்றுக்குத் திரும்புகிறது.

கணக்கும் போட்டுவிடுவோம். 5 கிலோ பச்சைக்காய் சுமார் 1 கிலோ உலர்காய் ஆகும். போக வேண்டிய நீர் 4 கிலோ. நடுத்தரமான வெப்ப பம்பு உலர்த்தி ஒரு யூனிட் மின்சாரத்தில் 2 கிலோ நீரை எடுக்கும் என்று வைத்தால், கிலோ உலர்காய்க்கு 2 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றாலும் 16 ரூபாய். அண்மைக் காலத்தில் கிலோ இரண்டாயிரத்தைத் தாண்டி ஏலம் போன சரக்குக்கு இது கட்டுப்படியாகாதா?

விறகு மறுபடி வளரும் என்று பதில் வரும். ஆனால் ஏலம் நிழலில் வாழும் செடி. 2024 கோடையின் வெயிலும் வறட்சியும் இடுக்கித் தோட்டங்களைக் கருக்கியதைக் கண்ட பிறகுமா விறகுக்காக நிழல்மரத்தில் கைவைப்பது? மின்சாரத்திலும் நிலக்கரி இருக்கிறது, உண்மை. ஆனால் காய் எடுப்பு சூடுபிடிக்கும் ஆடி, ஆவணியில்தான் தேனி, ஆண்டிபட்டிப் பக்கத்துக் காற்றாலைகளும் வேகமாகச் சுழல்கின்றன.

மும்முனை மின்சாரம் எட்டாத மேல்தோட்டங்களில் இது இன்றைக்கு முடியாது. கருவியின் விலையைச் சிறு விவசாயி தனியாகத் தாங்கவும் முடியாது. இந்த இரண்டையும் நான் ஒப்புக்கொள்கிறேன். அதற்காகத்தான் பொது உலர்கூடம் வேண்டும் என்கிறேன். ஸ்டோர் இல்லாதவர்கள் இப்போதும் பக்கத்து ஸ்டோரில் கூலி கொடுத்துத்தான் காயவைக்கிறார்கள். ஸ்டாக்ஹோமில் பல வீடுகளுக்கு ஒரே வெப்பநிலையம் இருப்பதுபோல, மின்கம்பி வந்து நிற்கும் குரங்கணி அடிவாரத்தில் பல தோட்டங்களுக்கு ஒரே உலர்கூடம் இருக்கட்டும்.

நறுமணப் பொருள் வாரியத்துக்கும் விவசாயிகள் சங்கங்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான்: இந்தப் பருவத்திலேயே ஒரு கூடத்தை ஓட்டிக் காட்டுங்கள். ஒரே தோட்டத்துக் காயை இரண்டாகப் பிரித்து, பாதியை விறகிலும் பாதியை வெப்ப பம்பிலும் காயவைத்து, இரண்டையும் போடி ஏலத்தில் வையுங்கள். எது நல்ல பச்சை என்று வியாபாரிகள் கேட்கும் விலை சொல்லட்டும்.