இரட்டை வாஷ்பேசின்: தேவையா, வேனிட்டியா?

புது வீடு கட்டுகிறவர்களுக்கும் பழைய பாத்ரூமை இடித்துப் புதுப்பிக்கிறவர்களுக்கும் இப்போது ஒரு ஆசை வந்திருக்கிறது: இரட்டை வாஷ்பேசின் வேனிட்டி. அதாவது ஒரே மேடை, அடியில் அலமாரி, மேலே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பேசின், எதிரே நீளக் கண்ணாடி. அமெரிக்க வீடுகளில், படுக்கையறையை ஒட்டிய பெரிய பாத்ரூமில் இது சகஜம். வேனிட்டி என்ற அந்த ஊர்ச் சொல்லுக்கு வீண்பெருமை என்றும் ஒரு அர்த்தம் உண்டு!

காலையில் யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம் என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் காரணம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கணக்குதான் உதைக்கிறது.

ஒரே பாத்ரூம், நான்கு பேர் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு டாய்லெட், குளியல் சேர்த்து 20 நிமிடம். பல் தேய்த்து முகம் கழுவ 5 நிமிடம். ஆக மொத்தம் 100 நிமிடம். உள்ளே இரண்டாவது பேசின் வைத்தால் இதில் எவ்வளவு குறையும்? ஒரு நிமிடம்கூடக் குறையாது. உள்ளே போனவர் தாழ்ப்பாள் போட்டுவிட்டால், பேசின் இரண்டு இருந்தால் என்ன, பத்து இருந்தால் என்ன?

அதே பேசினைக் கதவுக்கு வெளியே வைத்துப் பாருங்கள். பல் தேய்ப்பது வெளியே நடக்கும். பாத்ரூம் கணக்கு 80 நிமிடமாகிவிடும். எல்லோரும் குளித்து முடிக்கும்வரை காத்திருந்து, கடைசியில் அரக்கப் பரக்கக் குளித்துவிட்டு வேலைக்கு ஓடும் அம்மாவுக்கு அந்த 20 நிமிடம் சின்ன விஷயமா?

எலியாஹு கோல்ட்ராட்டும் ஜெஃப் காக்ஸும் எழுதி 1984-ல் வெளிவந்த 'தி கோல்' நாவல், தொழிற்சாலையை வைத்துச் சொல்வதும் இதைத்தான். வேலை எந்த மெஷினில் தேங்குகிறதோ அதைக் கவனிக்காமல், மற்ற மெஷின்களை எத்தனை வாங்கிப் போட்டாலும் உற்பத்தி கூடாது. வீட்டில் வேலை தேங்குவது டாய்லெட்டிலும் ஷவரிலும்தான், பேசினில் அல்ல. நம் ஊர் வீடுகளில் சாப்பிடும் இடத்தை ஒட்டிக் கைகழுவ ஒரு பேசின் வைக்கிறோமே, அதுவே பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடுகிறது.

அடுத்து இடம். இரட்டை வேனிட்டி சாதாரணமாக 60 அங்குலம், அதாவது 5 அடி அகலம். 5க்கு 8 அடி பாத்ரூமில் நீளச் சுவரில் இதை வைத்தால் மிச்சம் 3 அடி. கமோடுக்கே இரண்டரை அடி வேண்டும். அப்புறம் எங்கே நின்று குளிப்பது?

செலவும் பேசின் விலையோடு நிற்பதில்லை. வெந்நீர் இணைப்பும் உண்டென்றால் இரண்டு ஆங்கிள் வால்வு இருந்த இடத்தில் நான்கு வேண்டும். பைப் சுவருக்குள் போனால் சுவரைக் கொத்த வேண்டும். உடைந்த டைல்ஸுக்கு அதே டிசைன் கடையில் கிடைக்குமா என்பது அதிர்ஷ்டம். இன்னொன்று, பேசினுக்கு அடியில் உள்ள டிராப்பில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டும். சாக்கடை நாற்றத்தைத் தடுப்பது அதுதான். வாரக்கணக்கில் யாரும் தொடாத இரண்டாவது பேசினில் அந்தத் தண்ணீர் வற்றிவிடும். அப்புறம் நாற்றம்தான், கரப்பான்பூச்சிதான்.

அதற்காக இரட்டை பேசினே கூடாது என்றில்லை. கமோடும் ஷவரும் தனித்தனிக் கதவுக்குள் இருந்து, கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் வேலைக்குக் கிளம்பி, சுவரும் 6 அடி சும்மா கிடந்தால் தாராளமாக வைக்கலாம். ஒரு பேசினின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 30 அங்குலமாவது விடுங்கள், இல்லாவிட்டால் முழங்கை இடிக்கும். அலமாரிக்கு பார்ட்டிகிள் போர்டு வேண்டாம், தண்ணீர் பட்டால் உப்பிவிடும். ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் கேளுங்கள். பைப் வேலையை டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

மற்றவர்கள் கேட்லாக்கைத் திறப்பதற்கு முன் ஒரு வாரம் கடிகாரத்தைப் பார்த்தால் போதும். காலையில் வீட்டில் யார், எதற்காக, எத்தனை நிமிடம் காத்திருக்கிறார்கள்? பணம் போக வேண்டிய இடம் அதிலேயே தெரிந்துவிடும்.