ஹஜ்ஜுப் பயணமும் முழங்கால்களும்

 

ஹஜ்ஜுக்கு நிய்யத் செய்துவிட்ட இல்லத்தில் ஆயத்தங்களுக்குக் குறைவிராது. இஹ்ராம் துணி வாங்கியாயிற்று. துஆத் தொகுப்பு வந்தாயிற்று. ஊறுகாயும் இடியப்ப மாவும் பொதி கட்டியாயிற்று. உற்றார் உறவினரிடம் பிழை பொறுக்கக் கேட்டு விடைபெறுவதும் நடந்தேறுகிறது. ஆனால், இத்தனை அமல்களையும் நிறைவேற்றித் தர வேண்டிய கால்களைப் பற்றி மட்டும் பலரும் நினைப்பதில்லை. வாழ்நாளெல்லாம் சேமித்த பணத்தில் முதுமையில் புறப்படும் நம் தாய்மார்களில் பலருக்கு முழங்கால் தேய்மானம் ஏற்கெனவே இருக்கிறது. மாதவிடாய் நின்ற வயதுக்குப் பின் பெண்களிடம் இது மிகுதி. ஆகவே இம்மாதம் அதனைப் பற்றிச் சற்று விரிவாகக் காண்போம்.

காத்திருக்கும் தொலைவு

ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழு முறை நடந்தால் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் ஆகிறது. அதற்கு முன் தவாஃபின் ஏழு சுற்றுகள். கூட்டம் மிகுந்து மேல் தளத்திற்குச் சென்றால் ஒவ்வொரு சுற்றும் நீளும். மினாவிலிருந்து அரஃபாத் சுமார் 14 கிலோமீட்டர். பேருந்தும், 2010ஆம் ஆண்டில் தொடங்கிய ரயிலும் உண்டெனினும், கூடாரத்திலிருந்து ஜமராத்துக்குச் சென்று திரும்பும் நடை எவரையும் விடாது. வீட்டிற்குள்ளேயே நடமாடிப் பழகிய கால்கள் ஒரே வாரத்தில் இத்தனையையும் தாங்க வேண்டுமென்றால், அவற்றுக்கு முன்கூட்டியே பயிற்சி தேவை.

முழங்கால் மூட்டில் எலும்புகளின் முனைகளை வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. அது தேயும்போது வலியும் இறுக்கமும் தோன்றுகின்றன. தேய்ந்ததை வளர்க்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் தொடையின் முன்புறத் தசை வலுவாக இருந்தால், மூட்டுக்கு வரும் சுமையில் ஒரு பங்கைத் தசை ஏற்றுக்கொள்கிறது. வலிக்கு அஞ்சி நடக்காமலே இருந்தால் இத்தசை மெலிகிறது. வலி மேலும் கூடுகிறது. உடல் எடையில் 1 கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மீதான சுமை ஏறத்தாழ 4 கிலோ குறைகிறது என்பதையும் நினைவிற்கொள்க.

மூன்று மாதங்களுக்கு முன்பிருந்தே

1. காலை நீட்டி அமர்ந்து, சுருட்டிய துண்டை முழங்காலுக்கடியில் வைத்து அழுத்துங்கள். ஐந்து எண்ணும்வரை அழுத்தித் தளர்த்துக. ஒவ்வொரு காலுக்கும் 10 முறை.

2. மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கிக்கொண்டு, மற்றதை நீட்டியபடி ஓர் அடி உயரத்துக்குத் தூக்கி, ஐந்து எண்ணி, மெல்ல இறக்குங்கள். இதுவும் 10 முறை.

3. உயரமான நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக அமருங்கள். முதலில் 5 முறை, பின்னர் 10. கழிப்பறையிலும் பேருந்துப் படியிலும் உதவும் பயிற்சி இது.

4. சுவரைப் பிடித்து நின்று குதிகால்களை உயர்த்தி இறக்குங்கள்.

இவற்றுடன் நடை. நாளொன்றுக்கு 15 நிமிடத்தில் தொடங்கி, வாரந்தோறும் 5 நிமிடம் கூட்டி ஒரு மணி நேரத்தை எட்டுங்கள். அங்கு அணியப்போகும் செருப்பையே அணிந்து நடப்பது நன்று. புதுச் செருப்பின் கொப்புளத்தை மக்காவில் சந்திக்க வேண்டாம். பயிற்சிக்குப் பின் இரண்டு மணி நேரத்துக்கு மேலும் வலி நீடித்தாலோ, மறுநாள் வீக்கம் கண்டாலோ அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். "நாம் ஐவேளை தொழுகிறோமே, அதுவே போதாதா?" என்று கேட்போர் உண்டு. தொழுகை இறைவணக்கம். அதனால் உடலுக்குக் கிட்டும் நன்மை உபரி. தசையை வலுவூட்டத் தனிப் பயிற்சி வேண்டும்.

விமானத்திலும் தங்குமிடத்திலும்

சென்னையிலிருந்து ஜித்தா செல்ல, இடையில் நில்லாத விமானத்திலும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஆகும். அமர்ந்தபடியே பாதத்தை மேலும் கீழும் அசைப்பதும், முழங்காலை நீட்டி மடக்குவதும், மணிக்கொரு முறை எழுந்து நிற்பதும் இரத்தம் தேங்காமல் காக்கும். கழிப்பறைக்குச் செல்லச் சங்கடப்பட்டுத் தண்ணீர் அருந்தாமல் இருப்பது நம் பெண்களிடம் உள்ள பழக்கம், அது வேண்டாம். பயணத்துக்குப் பின் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலும், மூச்சு வாங்கினாலும் தாமதியாது மருத்துவரை அணுகுக.

மக்கா சேர்ந்த பின்னரும் காலையில் கட்டிலிலேயே முதல் இரண்டு பயிற்சிகளைச் செய்யலாம். பத்து நிமிடமே போதும். ஒரே நாளில் பல உம்ராக்கள் செய்து, ஹஜ்ஜுடைய நாட்களில் எழ இயலாமல் கிடப்பது விவேகமாகாது. வலி மாத்திரைகளைக் கடும் வெயிலில், போதிய நீரருந்தாமல் தொடர்ந்து விழுங்குவது சிறுநீரகத்துக்குத் தீங்கு. மருத்துவர் சொன்ன அளவை மீறாதீர்கள். இன்னொன்று: வலித் தைலங்கள் பலவற்றில் நறுமணம் உண்டு. இஹ்ராமில் நறுமணம் கூடாது என்பதால் தைலம் பற்றியும், ஆண்கள் முழங்கால் உறை பற்றியும் புறப்படும் முன்பே ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

சலுகையை ஏற்பதில் வெட்கமில்லை

"சக்கர நாற்காலியில் செய்தால் என் ஹஜ்ஜில் குறை வந்துவிடுமோ?" என்று மருகும் பெரியவர்கள் பலர். அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் உடல் நலிவைச் சொன்னபோது, வாகனத்தில் அமர்ந்தே தவாஃப் செய்ய நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். பருத்த உடலும் மெதுவான நடையும் கொண்ட அன்னை ஸவ்தா (ரலி) அவர்கள், கூட்ட நெரிசலுக்கு முன்னரே முஸ்தலிஃபாவிலிருந்து இரவிலேயே புறப்பட அனுமதி பெற்றார்கள். மூஃமின்களின் அன்னையர் ஏற்ற சலுகையை நாம் ஏற்பதில் என்ன குறை? ஸயீ செய்யும் இடத்தின் நடுவே சக்கர நாற்காலிகளுக்கெனத் தனிப் பாதையே உள்ளது. பச்சை விளக்குகளுக்கிடையே ஆண்கள் ஓடுவதும் ஸுன்னத்தே. முழங்கால் வலியுள்ளவர் நடந்தே செல்லலாம்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. உம்மாவையும் வாப்பாவையும் வழியனுப்பும் நாளில் மாலையிடுவதோடு கடமை முடிவதில்லை. இன்று மாலையே அவர்களின் கையைப் பிடித்துத் தெருமுனை வரை நடத்திச் செல்லுங்கள். நாளை இன்னும் சற்றுத் தூரம்.

வல்ல நாயன் நம் பெரியவர்களின் கால்களுக்கு வலுவையும், அவர்களுடைய ஹஜ்ஜுக்கு ஒப்புதலையும் அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.